அக்கோசுவா பின்னிவிட்ட தலை

விளக்கு வைத்த பிறகு பெண்பிள்ளையின் தலையில் சீப்பு வைக்கக்கூடாது என்பது தவநாயகியின் சட்டம். நல்ல சட்டந்தான், யார் இல்லையென்றது? ஆனால் அதைப் போட்டவர்கள் லண்டன் மாரிகாலத்தைக் கண்டவர்களா? குட்மேய்ஸில் கார்த்திகை பிறந்துவிட்டால், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கிடையில் பொழுது பட்டுவிடும். குடித்த தேத்தண்ணிக் கோப்பை ஆறுமுன் தவநாயகி சாமிப்படத்துக்கு முன்னால் நெருப்புப்பெட்டியும் கையுமாக நிற்பாள். அதற்குப் பிறகு சீப்போ எண்ணெயோ பிள்ளையின் தலைக்குக் கிட்டவும் போகக்கூடாது. ஆகக் கிழமை நாட்களில் தலை வாருகிற கதையே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சட்டம் வீட்டில் இருந்த எல்லாருக்கும் வசதியாகத்தான் இருந்தது. அந்தத் தலையைத் தொட எல்லாருக்கும் பயம்.

பிள்ளையின் பெயர் தேனுஜா, ஆறு வயது. தகப்பன் றொஜன் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் வான் ஓடுகிறவன். வீடு வீடாகப் பாலும் பாணும் இறக்குகிற வேலை. தவநாயகி அவனுடைய மூத்த அக்கா. கிங்ஸ்பரியில் தனியாக இருந்தவள், தம்பியின் பெண்சாதி செத்த வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு வந்தாள், பிறகு போகவேயில்லை. போகச் சொல்ல றொஜனுக்கும் வாய் வரவில்லை. அவன் ஷிப்டுக்குப் போனால் யார் சமைப்பது, பிள்ளையை யார் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவது?

செத்தவள் அக்கோசுவா. கானாக்காரி. கும்மாசியில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். இங்கே அவளுக்கென்று ஒரு சொந்தமும் இல்லை. றொஜன் அவளை முதல் கண்டது சாமான் ஏற்றுகிற இடத்தில். அங்கேயே சாப்பாட்டுப் பகுதியில் வேலை முடிந்து வெளியே வந்தவள் தலையில் போட்டிருந்த வலைத்தொப்பியைக் கழற்றினாள். அமுங்கிக் கிடந்த முடி நாலு பக்கமும் எழும்பி நின்றது. அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டான். கல்யாணத்துக்குத் தவநாயகி போகவில்லை. “ஆர் எவர் எண்டு தெரியாத சனம்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தவள். அதையும் சொல்லத்தான் வேண்டும், மறைத்து என்ன பலன்?

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அந்த வீட்டில் தலை பின்னுகிற நேரம். சோபாவின் ஒரு தொங்கலில், ஓரமாக, அக்கோசுவா இருப்பாள். அவளுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில், நிலத்தில் ஒரு குஷன் போட்டுப் பிள்ளை இருக்கும். பழைய பின்னலை அவிழ்த்து, கழுவி, சிக்கெடுத்து, வகிடு வகிடாகப் பிரித்து, மண்டையோடு ஒட்ட வரிவரியாகப் பின்னி, நுனிகளில் நிறநிறமாக மணி கோர்த்துவிடுவாள். பொழுது படத் தொடங்கி இரவுச் சாப்பாடு வரையும் போகும். றொஜன் தன்னுடைய தனிக்கதிரையில் இருந்து கிரிக்கெட் பார்ப்பான். ஒருநாளாவது கழுத்தைத் திருப்பி அவள் கை என்ன செய்கிறது என்று பார்த்திருப்பானா? இல்லை. காதில் மட்டும் விழுந்துகொண்டிருக்கும். ஸ்ப்ரே போத்தல் ஸ்ஸ்க், ஸ்ஸ்க் என்று இரைவது, ஏதோ டப்பாவின் மூடி திறபடுவது, சீப்புச் சத்தம், கடைசியில் மணிகள்.

அவனிடமிருந்து அவள் பிடித்துக்கொண்ட தமிழ் கொஞ்சந்தான். அதில் ஒன்று அவன் தொலைபேசியில் சொல்கிற பொய். வான் றோம்போர்டிலேயே நிற்கும். அவள் எங்கே என்று கேட்டால் “இந்தா வந்திட்டன்” என்பான். எந்தத் தமிழன் சொல்லாதது? அதைக் கேட்டுக் கேட்டு அவளும் தனக்கொரு பொய் செய்துகொண்டாள். பிள்ளை நோகிறது என்று சிணுங்கினால், அரைத்தலை மிச்சம் கிடக்கும்போதே, “இந்தா முடிஞ்சுது, இந்தா முடிஞ்சுது” என்பாள். அவள் நாக்கில் அந்தச் சொல் கொஞ்சம் ஆடி ஆடித்தான் வரும். பிள்ளையும் நம்பின மாதிரி அவள் காலில் சாய்ந்து நித்திரையாகிவிடும். றொஜன் கதிரையில் இருந்து சிரிப்பான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிறும் அப்படித்தான் பின்னினாள். அந்தக் கிழமையே வேலையிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் எழும்பவில்லை. மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். றொஜன் வானை எந்தத் தெருவில் விட்டான் என்றே தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவன் போகும்போது ஒன்றும் மிச்சமில்லை.

செத்தவீட்டில் வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தலையைத் தடவினார்கள். ஒவ்வொரு தடவலுக்கும் மணிகள் கிலுகிலுத்தன. அந்தச் சத்தத்தைக் கேட்க ஏலாமல் றொஜன் கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய் நின்று குழறி அழுதான். ஊர் பார்க்கிறதே என்ற வெட்கமும் இல்லை.

பின்னல் அப்படியே இருந்தது. யாராவது கை வைத்தால், “தொடாதேங்கோ, மம்மி செய்தது” என்று பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்ளும். உள்ளதைச் சொன்னால் றொஜனுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. அவள் விரல் பட்டது உலகத்தில் வேறு எங்கே மிச்சம் இருக்கிறது? அவள் தலையணை உறையைத் தவநாயகி துடக்கென்று, தீட்டென்று சொல்லித் தோய்த்துவிட்டாள். அலுமாரியில் மடித்து வைத்த உடுப்புகள் றொஜனின் உறவுக்காரர் கைபட்டுக் கலைந்துவிட்டன. பிள்ளையின் தலையில் மட்டுந்தான் அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. இரவில் நித்திரையான பிள்ளையின் கட்டிலடியில் போய் நின்று, வரி வரியாக அந்தப் பின்னலைப் பார்ப்பான். தொடமாட்டான்.

ஆனால் முடி பொறுத்துக்கொண்டு நிற்குமா? அது வளருகிற சாமான். வேரில் புதுமுடி எழும்பிச் சுருண்டு வகிடுகளை மூடத் தொடங்கியது. பின்னல்கள் தளர்ந்து, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. கும்மாசியிலிருந்து அக்கோசுவாவின் தாய் வீடியோவில் எடுத்தால், றொஜன் முதல் வேலையாகப் பிள்ளையின் தலையில் கம்பளித்தொப்பியை மாட்டிவிடுவான். வீட்டுக்குள்ளேயும் அவ்வளவு குளிரா என்று அந்த மனுசி கேட்பாள். ஹீற்றர் பழுது என்பான். ஹீற்றர் அவனுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருக்கும். வெட்கக்கேடு.

தவநாயகிக்குப் பொறுக்கவில்லை. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, றொஜன் ஷிப்டுக்குப் போய்விட்டான், வெளியே நல்ல வெளிச்சம். பெண்பிள்ளை வெள்ளிக்கிழமை முழுகாமல் இருக்கிறதா என்று நல்லெண்ணெயை எடுத்து, மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினாள். “மாமி பின்னலை அவிழ்க்கமாட்டன், சத்தியம்” என்று பிள்ளையின் கையில் அடித்துக் கொடுத்தாள். அந்தச் சத்தியத்தை அவள் காப்பாற்றினாள், அதுதான் வினை. அவிழ்க்காத பின்னலுக்கு மேலேயே எண்ணெயைக் கவிழ்த்து, அரக்கித் தேய்த்து, அது ஊறின பிறகு சீயாக்காய்த்தூளைக் குழைத்து அப்பினாள்.

நேரான முடியில் சீயாக்காய் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு தண்ணியோடு போய்விடும். தவநாயகிக்குத் தெரிந்தது அந்த முடிதான். இந்தத் தலையில் தூள் பின்னலுக்குள் புகுந்து அங்கேயே குடியிருந்துவிட்டது. ஊற்ற ஊற்ற இறுகியது. பயத்தில் ஷாம்பூவைப் போட்டாள், அதுவும் போகவில்லை. கடைசியில் துவாயால் அழுத்தித் துடைத்தாள், அத்தோடு வேர்முடி எல்லாம் கம்பளி மாதிரிச் சேர்ந்து சடை பிடித்துவிட்டது. றொஜன் வரும்போது பிள்ளை தலையில் மண்நிறப் பசையோடு குளியலறை வாசலில் விக்கிக்கொண்டிருந்தாள். தவநாயகியும் அழுதுகொண்டிருந்தாள்.

“எங்கட தலைக்கெல்லாம் இதைத்தானே வைச்சனாங்கள், தம்பி. நான் என்ன பிழை விட்டனான்?”

“உங்களை ஆர் அக்கா கேட்டது? ஆர் கேட்டது உங்களை?” என்று றொஜன் கத்தினான். வாழ்நாளில் அவளைப் பார்த்து அவன் குரல் உயர்த்தியது அதுதான் முதல். பாவம், அந்த மனுசி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலமை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முடிவைச் சொன்னாள். “முருகனுக்கு நேர்ந்திட்டன். தை பிறந்த உடன மொட்டை போட்டு விடுவம். திரும்ப நல்லா வளரும். அவவுக்கும் ஒரு விடுதலை கிடைக்கும்.”

றொஜன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “பாப்பம்” என்றான்.

எங்கள் ஆட்களின் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்று தெரியுந்தானே. பாதி சம்மதம், மீதி சோம்பல். படிக்கட்டில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த தேனுஜாவுக்கும் தெரியும். அவளும் எங்கள் பிள்ளைதானே.

‘அவவுக்கு விடுதலை’ என்று தவநாயகி சொன்னதற்குக் காரணம் இருந்தது. சில ஞாயிறுகளாக வீட்டில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. முதலில் கேட்டது அவள்தான். பின்னேரம் குசினியில் நின்றவளுக்கு எங்கேயோ பாம்பு சீறுகிற மாதிரி இருந்ததாம். வெளியே வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. அன்றைக்கே கதவு நிலைகளுக்கெல்லாம் விபூதி பூசிவிட்டாள். “சேர்ச்சில வைச்சுத் தாட்டுப்போட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யாமல் விட்டால் ஆத்துமா எங்கயடா போறது?” என்று தம்பியைக் கேட்டாள்.

அவன் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான். ஆனால் அவனுக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய எழும்பி வான் ஓடிவிட்டு வந்து, பின்னேரம் மேலறையில் சரிந்து கிடப்பான். அரைத்தூக்கத்தில் கீழேயிருந்து வரும். ஸ்ஸ்க். கொஞ்சம் பொறுத்து, ஸ்ஸ்க், ஸ்ஸ்க். அக்கோசுவாவின் போத்தல். அதைத் தெரியாமல் இருக்க அவனுக்கென்ன, காது இல்லையா? எத்தனை ஞாயிறு கேட்ட சத்தம். பயந்தான் என்று சொல்ல ஏலாது. பயந்தவன் போர்வையை இழுத்து மூடுவான். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொருக்கால் கேட்காதா என்று கிடந்தான். கேட்டால் கண்ணீர் ஓடும். எழும்பிக் கீழே போனால் அது நின்றுவிடும் என்று எழும்பவும் மாட்டான். போய்ப் பார்த்து அங்கே ஒன்றும் இல்லையென்றால் அவன் என்ன செய்வான்?

மொட்டைக் கதை நடந்ததற்கு அடுத்த நாள் ஞாயிறு. அன்றைக்கு அவன் படுக்கவில்லை. தை பிறந்தால் அந்தப் பின்னல் இல்லை, அவள் விரலும் இல்லை என்ற நினைப்பு அவனைப் படுக்கவிடவில்லை. வெறுங்காலோடு வந்து மேல்படியில் குந்தினான். தவநாயகி குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சி நிறுத்திக் கிடந்தது.

ஸ்ஸ்க்.

அவனுக்கு நேர் கீழே. படிக்குக் கீழே கோட்டுகள் கொழுவுகிற சின்ன அறைக்குள்ளே. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். கதவு இடுக்கில் புதினா மணம், அக்கோசுவா தண்ணியில் கலக்கிற எண்ணெயின் மணம், மிக மெல்லியதாக வந்தது. “அக்கோசுவா?” என்று கேட்டுவிட்டான். பைத்தியக்காரன், வேறு என்ன கேட்பான்?

உள்ளே சத்தம் நின்றது. அவன் கதவைத் திறந்தான்.

இருட்டுக்குள் அக்கோசுவாவின் நீளக் கோட்டுகள் இரண்டு தொங்கின. ஒருவரும் அவற்றை எடுக்க மனம் வராமல் விட்டவை. அந்த இரண்டு கோட்டுகளுக்கும் நடுவில், அவற்றின் அடிமடி இரண்டு தோளிலும் படும்படி, குஷனைப் போட்டுக்கொண்டு தேனுஜா இருந்தாள். கையில் ஸ்ப்ரே போத்தல்.

அவள் தாயோடு பேசின ஆங்கிலந்தான் இவனோடும் பேசுவாள், அப்பா, மாமி என்ற சொற்கள் மட்டும் தமிழ். “முடிக்குத் தாகம், அப்பா” என்றாள். “தண்ணி குடுக்காட்டி உடைஞ்சிடும் எண்டு மம்மி சொன்னவ. மம்மி கலக்கி வைச்சது முடிஞ்சு போச்சு. இது பைப் தண்ணி.”

றொஜன் அவளுக்கு முன்னால் சப்பாத்துகளுக்கு மேலேயே குந்தினான். அவன் காத்திருந்த ஆள் இதுவல்ல. அந்த ஏமாற்றம் ஒரு கணம் அவனை வெட்டியது, உண்மைதான். மறுகணம் தன்னை நினைக்கவே அவனுக்கு அருவருத்தது. தனியாக இந்தப் பொந்துக்குள் இருந்து பிள்ளை தாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் மேலே கிடந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

முதன்முறையாக அந்தத் தலையில் கையை வைத்தான். பிள்ளை தடுக்கவில்லை. வேரெல்லாம் ஈரம். விரல் உள்ளே போகவில்லை, கட்டியாக இருந்தது. கிட்டப் போனால் புளித்த வாடை. காயவிடாமல் ஊற்றின தண்ணியும், மாமியின் எண்ணெயும் தூளும் சேர்ந்து, அவர்கள் மூன்று பேரும் பொத்திப் பொத்தி வைத்தது உள்ளே பழுதாகிக்கொண்டிருந்தது.

“அவிழ்க்க வேணும், குஞ்சு.”

“அவிழ்த்தா மம்மி போயிடுவா.”

றொஜன் அவள் தோளில் கிடந்த கோட்டு நுனியை விலக்கினான். பிறகு, “மம்மிதானே ஒவ்வொரு முறையும் அவிழ்க்கிறவ. அவிழ்த்த பிறகும் இருந்தவதானே” என்றான்.

“திரும்பப் பின்னினவ.”

“நான் பின்னுறன்.”

“உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாதுதான்.”

பிள்ளை யோசித்தாள். மொட்டையையும் யோசித்திருப்பாள். “அடுத்த ஞாயிறு. மம்மியின்ர இடத்தில நீங்கள் இருக்கவேணும். கிரிக்கெட் போடவேணும்” என்றாள்.

அந்தக் கிழமை இல்ஃபோர்டில் சாமான் இறக்கிவிட்டு வருகிற வழியில், கறுப்பினத்தவரின் தலைமுடிச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு முன்னால் வானை நிறுத்தினான். உள்ளே போய்ப் பார்த்தால் காசு மேசையில் இருக்கிறவர் யாழ்ப்பாணத்தவர், கிறிஸ்துநாயகம் என்று நெஞ்சில் பெயர் குத்தியிருந்தது. தலையில் மருந்துக்கும் ஒரு முடி இல்லை. றொஜனுக்கு உயிர் வந்தது.

“அண்ணை, சடை பிடிச்ச பின்னல் அவிழ்க்கிறதுக்கு எது நல்லம்?”

“எல்லாம் நல்லம், தம்பி.”

“எப்பிடிப் பாவிக்கிறது?”

“எனக்கு விக்கத்தான் தெரியும்” என்று அவர் தன்னுடைய மொட்டையைத் தடவிக் காட்டினார். “என்னைப் பார்த்துமா கேக்கிறீர்?”

பின்னால் வரிசையில் நின்ற கறுப்பினப் பெண் ஒருத்தி அந்தத் தடவலைப் பார்த்தே சிரித்துவிட்டாள். றொஜன் வெட்கத்தை விட்டு அவளிடம் தொலைபேசியில் பிள்ளையின் தலைப் படத்தைக் காட்டினான். சிரித்த முகம் மாறிவிட்டது. எவ்வளவு காலம் இப்படி விட்டாய் என்று கேட்டாள். இவன் சொல்லவில்லை, யார் பின்னினது என்று மட்டும் சொன்னான். அவள் படத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தாள். இந்தக் கோலத்திலும் வகிடு எவ்வளவு நேர், நல்ல கை என்றாள். பிறகு ஒரு பெரிய டப்பாக் கண்டிஷனரும், பல் அகன்ற சீப்பும், வால் வைத்த சீப்பும் எடுத்து அவன் கையில் திணித்தாள். காயவிடாதே, நுனியிலிருந்து வேருக்குப் போ, இந்த மாதத்துக்குள் செய்யாவிட்டால் கத்தரிக்கோல்தான் என்றாள். அவளுக்கும் வேலை இருந்தது, போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. தவநாயகிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள், “என்னைக் கேக்காதை, நான் ஒண்டும் சொல்லேல்லை” என்று குசினிக்குப் போய்ச் சட்டிபானைகளை உருட்டினாள். றொஜன் சோபாவின் அந்தத் தொங்கலில் இருந்தான். அவன் அதுவரைக்கும் இருக்காத இடம். குஷனில் பிள்ளை. தொலைக்காட்சியில் எங்கேயோ நடந்த ஏதோ ஒரு பழைய மட்ச். அவனுடைய தனிக்கதிரை எதிரே வெறுமையாக இருந்தது, அதில் யாரோ எழும்பிப்போன மாதிரி.

மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சில்வர் கிண்ணத்துக்குள் போட்டான். அது முடிந்ததும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. பிள்ளை தலையை ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் கிலுங்கவில்லை. அவள் முகம் கோணியது, ஆனால் எழும்பவில்லை.

நுனியிலிருந்துதான் தொடங்கினான். முதல் பின்னல் வால் சீப்பால் நெம்ப நெம்ப அவிழ்ந்து வந்தது. உடனே ஆளுக்குத் தைரியம் வந்துவிட்டது. பெரிய சீப்பை எடுத்து வேரில் வைத்து, தன்னுடைய தலையை வாருகிற மாதிரி ஒரே இழுவை. சடசடவென்று கேட்டது. பிள்ளை வீரிட்டாள்.

றொஜனின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சடசடப்பை அவன் அத்தனை ஞாயிறுகளிலும் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சீப்பு அப்படிச் சத்தம் போட்டதேயில்லை. கண்ணை மூடினான். பார்த்திருந்தால் நினைவு வந்திருக்கும், பாவி பார்க்கவில்லையே. கேட்டதுதான் இருந்தது. முதல் என்ன கேட்கும்? போத்தல், நீளமாக, நிறைய நேரம். பிறகு டப்பா மூடி. பிறகு குழைகிற சத்தம், சோற்றைப் பிசைகிற மாதிரி. பிறகு ஒன்றுமே கேட்காத நேரம். அப்போது அவள் விரலால் பிரித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சீப்பு. சின்னச் சின்னதாக, ஒரே இடத்தில், சிக், சிக், சிக். போகப் போக இழுவை நீளும்.

கண்ணைத் திறக்காமலே போத்தலை எடுத்தான். ஸ்ஸ்க். குசினியில் சட்டி உருளுகிற சத்தம் நின்றது.

இரண்டாவது பின்னல் அவன் காதில் இருந்த சத்தத்துக்குச் சரியாக வந்தது. மூன்றாவதில் பயம் பிடித்தது. கையோடு கொத்துக் கொத்தாக முடி வந்தது. விரலெல்லாம் முடி. அழித்துப்போட்டேன், மொட்டை போட்டிருந்தால்கூட இதைவிட மேல் என்று உள்ளுக்குள் பதறி, பிள்ளைக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். ஆனால் தலையில் கையை வைத்துப் பார்த்தால் இடம் வெறுமையாக இல்லை. அடர்த்தியாக, ஈரமாக, சுருள் சுருளாக முடி இருந்தபடியே இருந்தது. கொஞ்சம் யோசித்தபோது பிடிபட்டது. மனிசருக்கு நாளாந்தம் கொட்டுகிற முடிதான்; கீழே விழ வழியில்லாமல் இத்தனை காலமும் பின்னலுக்குள் கிடந்திருக்கிறது. அக்கோசுவா செத்த பிறகு கொட்டின முடி முழுதும் அவன் கையில் இருந்தது.

பாதித் தலைக்குக் கிட்ட வரும்போது யன்னல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு பக்கம் இன்னும் பழைய வரிகள். மறுபக்கம் அவிழ்ந்த முடி காயக் காய எழும்பி நின்றது. தொலைக்காட்சி வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால், வலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தவள் இருக்கிறாள். கன்னம், காது, கழுத்தில் இறங்குகிற முடி, எல்லாம் அவள். றொஜனுக்குப் பார்க்கவும் முடியவில்லை, பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தவநாயகி கையில் விளக்கும் நெருப்புப்பெட்டியுமாக வாசலில் வந்து நின்றாள். அவிழ்ந்த தலையைக் கண்டதும், “ஐயோ முருகா” என்றாள்.

“அக்கா, இப்ப நிப்பாட்ட ஏலாது” என்று றொஜன் மெதுவாகச் சொன்னான். “காய்ஞ்சால் அவ்வளவும் திரும்பச் சிக்குப் பிடிச்சிடும். பிறகு வெட்டத்தான் வேணும்.”

தவநாயகியின் வாழ்க்கையில் விளக்கு வைக்காத பொழுது ஒன்று இருந்ததில்லை. துடக்கு நாட்களில்கூடப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு வைப்பித்தவள். பிள்ளையைப் பார்த்தாள். தம்பியின் கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, றொஜனின் வெறுங்கதிரையில் இருந்து, கொளுத்தாத விளக்கை மடியில் வைத்துக்கொண்டாள். நெருப்புப்பெட்டியைச் சேலைத் தலைப்புக்குள் முடிந்தாள்.

“நான் இன்னும் விளக்கு வைக்கேல்லை” என்றாள். “நான் வைச்சால்தான் பொழுது பட்டது. நீ உன்ர வேலையைப் பார்.”

சுவிட்சைப் போடவும் யாரும் எழும்பவில்லை. அறை இருண்டுகொண்டே போனது. அவன் விரலால் பார்த்து, காதால் கேட்டு, அடுத்த பின்னலைப் பிடித்தான். ஸ்ஸ்க். சிக், சிக், சிக். பிள்ளையின் கழுத்து மெல்ல மெல்லத் தளர்ந்து தலை அவன் முழங்காலில் சாய்ந்தது. மூச்சு நீளமாகியது.

ஒரு இடத்தில் சீப்பு இறுகிவிட்டது. அவன் கொஞ்சம் இழுத்துவிட்டான்.

கண்ணைத் திறக்காமல், நித்திரைக்குள் இருந்தே தேனுஜா சிணுங்கினாள். “நோகுது, மம்மி.”

இது அப்பா என்று சொல்ல றொஜன் வாயெடுத்தான். சொல்லவில்லை. சீப்பை நுனிக்குக் கொண்டுபோய், திரும்பவும் அங்கிருந்து தொடங்கினான்.

“இந்தா முடிஞ்சுது” என்றான். அவள் சொல்கிற மாதிரியே, அந்தச் சொல் அவன் நாக்கிலும் ஆடி ஆடித்தான் வந்தது. எதிர்க் கதிரையில் இருந்த தவநாயகி, வேறு யாரோ பேசின மாதிரித் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “இந்தா முடிஞ்சுது, இந்தா முடிஞ்சுது.”

பிள்ளை நம்பிக்கொண்டு தூங்கினாள். அரைத்தலை இன்னும் மிச்சம் கிடந்தது.